டி.இ.ஓ. வரும் நாள்: அமெரிக்க முற்போக்குக் கல்வியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 31 வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது ஆறு மாத விசாவில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது, மாலையில் இறக்கிக்கொள்வது, நடுவில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது, இவ்வளவுதான் வேலை. என் ஆங்கிலத்தை வைத்து விடுப்பு விண்ணப்பம் எழுதலாம், சண்டை போட முடியாது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மகள் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

போன மாதம் பேரனின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அவனுடைய சமூக அறிவியல் டீச்சர் கோடை விடுமுறையில் ஒரு கல்வியாளர் குழுவோடு கியூபா போய் வந்திருக்கிறார். நானும் வாத்தியார் என்று தெரிந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். செல்போனைத் திறந்து படம் படமாகக் காட்டினார். வெள்ளைச் சட்டை, கருஞ்சிவப்புப் பாவாடை, கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகள். எல்லோருக்கும் படிப்பு இலவசம், வைத்தியம் இலவசம் என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வகுப்புக்குப் பென்சிலும் பேப்பரும் தன் சம்பளத்தில் வாங்கிப் போடுகிறவர் அவர்.

ஆனால் ஒரு படத்தில் என் கண் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு சார்ட். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. மூலையில் பசை இன்னும் காயாமல் மினுங்கியது. அதற்குக் கீழே, பழைய சார்ட்டைக் கிழித்தெடுத்த தடம். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். மகள் முழங்கையால் இடித்தாள். ஏன் சிரித்தேன் என்று அந்த டீச்சரிடம் விளக்கத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

எங்கள் ஊரில் மாவட்டக் கல்வி அலுவலரை டி.இ.ஓ. என்போம். அவர் வருடத்துக்கு ஒரு முறை பள்ளியைப் பார்க்க வருவதற்கு ஆண்டாய்வு என்று பெயர். ஒரு வாரம் முன்பே பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் கண்டுவிடும். வாசலில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். வருடம் முழுக்க பீரோவில் சுருட்டி வைத்திருந்த உலகப் படம் வெளியே வந்து ஆணியில் ஏறும். ஆறு மாதப் பாடக்குறிப்பை இரண்டே இரவில் எழுதிவிட்டு, வெவ்வேறு நாளில் எழுதியது போலத் தெரிய வேண்டுமே என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிப் பிடித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். (அதில் ஒருவன் நான்.) சட்டை கிழிந்த பையனிடம் 'நாளைக்கு நீ வரவேண்டாம்டா' என்று சொல்லியாகிவிடும். அப்புறம் அந்தப் பழைய வித்தை. அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும்; பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வலது கைகளில் ஒன்றைப் பார்த்து நாங்கள் கூப்பிடுவோம்.

ஒரு வருடம் என் வகுப்பில் இடதுகைப் பழக்கமுள்ள பையன் ஒருவன் இருந்தான். பானிபட் போர் பற்றிக் கேள்வி வந்தது. மூன்று பானிபட்டும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பழக்கதோஷத்தில் இடது கையைத் தூக்கிவிட்டான். நான் அவனைத் தாண்டி வேறொருவனைக் கூப்பிட்டேன். அதிகாரி போன பிறகு, 'எனக்குத் தெரியும் சார்' என்று தேம்பித் தேம்பி அழுதான். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு 'மிக நன்று' விழுந்தது.

இது எந்த நாட்டு வாத்தியாருக்கும் தெரிந்த சங்கதிதான். உங்கள் பள்ளியிலும் மேலதிகாரி வகுப்பைக் கவனிக்க வரும் நாளில் என்ன நடக்கிறது என்று பேரன் எனக்குச் சொல்லியிருக்கிறான். சுற்றுலாப் பயணி ஏமாறலாம், பத்திரிகைக்காரர் ஏமாறலாம். வாத்தியார் எப்படி ஏமாறுகிறார்? கிட்டத்தட்ட நூறு வருடமாக, அதுவும் ஒரே மாதிரி?

செய்து கற்கும் முற்போக்குக் கல்விக்கு வழிகாட்டிய அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1928 கோடையில் சோவியத் ரஷ்யா போனார். அப்போது அவருக்கு 68 வயது. அமெரிக்கக் கல்வியாளர் குழு ஒன்றும் உடன் இருந்தது. லெனின்கிராடு, மாஸ்கோ பார்த்துவிட்டுத் திரும்பி 'நியூ ரிப்பப்ளிக்' இதழில் தொடராக எழுதினார், மறு வருடம் அது புத்தகமாக வந்தது. முதலாளித்துவ நாட்டில் பள்ளிக்கூடம் ஒன்று சொல்லிக்கொடுக்கும், வாசலைத் தாண்டினால் சமூகம் நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்கும். ரஷ்யாவில் பள்ளியும் சமூகமும் ஒரே திசையில் இழுக்கின்றன என்பது அவருக்கு ஏற்பட்ட எண்ணம். பிரச்சாரம் எங்கும் நிறைந்திருப்பதையும் அவர் கவனிக்காமல் இல்லை, எழுதியும் இருக்கிறார். ஆனால் அவர் போனது விடுமுறைக் காலம். பெரும்பாலான பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் டி.இ.ஓ.கூட லீவு நாளில் ஆய்வுக்கு வந்ததில்லை!

அவருடைய மயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. அவருடைய எழுத்துகள் புரட்சிக்கு முன்பே ரஷ்ய மொழியில் வந்தவை. அவருடைய சீடர் கில்பாட்ரிக் சொன்ன செயல்திட்ட முறையை, அதாவது பாடத்தைத் தனித்தனியாக நடத்தாமல் ஒரு வேலையைப் பிள்ளைகளே எடுத்துச் செய்து அதன் வழியே கற்பதை, அங்கே அரசாங்கமே கையில் எடுத்திருந்தது. கலூகா பகுதியில் ஸ்தனிஸ்லாவ் ஷாட்ஸ்கி நடத்திய சோதனை நிலையத்தில் பிள்ளைகள் கிராமத்தையே பாடமாகப் படித்தார்கள். நிலம், சுகாதாரம், வீட்டு வரவு செலவு எல்லாம் கணக்கெடுத்து, ஊரைத் திருத்தும் வேலையிலும் இறங்கினார்கள். 1908-ல் ஜார் அரசு இதே ஷாட்ஸ்கியின் குழந்தைகள் மன்றத்தை, பிஞ்சு மனத்தில் சோஷலிசத்தைப் புகட்டுகிறார் என்று சொல்லி மூடியிருந்தது. தான் பெற்ற பிள்ளையை அடுத்த தெருவில் ராஜா வேஷத்தில் பார்த்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் புத்தி நிலைக்கும்?

அடுத்தவர் ஜார்ஜ் கவுண்ட்ஸ், கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ் பேராசிரியர். ரயிலில் வழிகாட்டியோடு போய் வந்தவர் இல்லை இவர். ரஷ்ய மொழி கற்றவர். 1929-ல் ஒரு ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு அந்த நாட்டுச் சேற்றுப் பாதைகளில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினார். சோவியத் குழந்தைகளுக்கு ஐந்தாண்டுத் திட்டத்தை விளக்க இலின் எழுதிய புத்தகத்தை 1931-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இங்கே அது சக்கைப்போடு போட்டது. போடாதா பின்னே? அது பொருளாதாரப் பெருமந்த காலம். சிகாகோவில் ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. 1933 ஏப்ரலில் அவர்கள் நகரின் வங்கிகளுக்குள் புகுந்து ரகளை செய்யும் அளவுக்குப் போனது. தெற்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, கிழிந்த புத்தகம். இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, எங்கோ ஒரு நாட்டில் திட்டம் போட்டுப் பள்ளி கட்டுகிறார்கள் என்றால் இனிக்கத்தான் செய்யும். கட்டவும் செய்தார்கள். 1939 கணக்கெடுப்பில் அங்கே பத்துப் பேரில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 1931 செப்டம்பர் 5-ஆம் தேதி சோவியத் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. செயல்திட்ட முறைக்குக் கண்டனம். பழையபடி தனித்தனிப் பாடம். அடுத்த சில வருடங்களில் பாடப்புத்தகம், பரீட்சை, மதிப்பெண் எல்லாம் வந்து சேர்ந்தன. ஜார் காலத்துப் பள்ளிக்கூடம் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு திரும்பி வந்தது. அந்தத் தீர்மானம் வந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு, 1932 பிப்ரவரியில், பால்டிமோரில் உங்கள் முற்போக்குக் கல்விச் சங்கத்தின் கூட்டத்தில் கவுண்ட்ஸ் எழுந்து, முற்போக்குக் கல்வி உண்மையிலேயே முற்போக்காக இருக்கத் துணியுமா என்று கேட்டார். சபை மெய்சிலிர்த்துப் போனதாகப் படித்தேன். நல்ல கேள்விதான். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காக முற்போக்குக் கல்வி நடக்கிறது என்று அவர் சாடியதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் நீங்கள் எந்த நாட்டைப் பார்த்துத் துணிவு பெற்றீர்களோ, அங்கே உங்கள் முறைக்குக் கருமாதி முடிந்திருந்தது.

முறை போனால் போகட்டும். மனிதர்கள்? உங்கள்மேல் எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது.

உங்களை வரவேற்றுத் தேநீர் கொடுத்தவர்கள் யார் யார்? கல்வி அமைச்சராக இருந்த லூனாச்சார்ஸ்கி 1929-ல் பதவியிலிருந்து போனார். அவருக்குப் பின் வந்த பூப்னோவ் 1938-ல் சுடப்பட்டார். ஷாட்ஸ்கியின் சோதனை நிலையம் கலைக்கப்பட்டது. அவரை மாஸ்கோ இசைக் கல்லூரிக்குத் தலைவராக மாற்றினார்கள், 1934-ல் மறைந்தார். ஆல்பெர்ட் பின்கெவிச் என்ற கல்விப் பேராசிரியர், அவருடைய நூலைக் கவுண்ட்ஸே பதிப்பித்து 1929-ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். உங்கள் கல்லூரிகளில் அது பாடமாகப் படிக்கப்பட்டிருக்கும். 1937-ல் பின்கெவிச்சைக் கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். 1936 ஜூலையில் குழந்தை உளவியலாளர்களுக்கு எதிராக ஒரு தீர்மானம் போட்டு, அந்தத் துறையையே ஒரே நாளில் ஒழித்தார்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் நமக்குச் சாப்பாடு போட்ட ஹெட்மாஸ்டர் திடீரென்று காணாமல் போனால் விசாரிக்க மாட்டோமா? கடிதம் போட்டுப் பதில் வராவிட்டால் மறுபடி போட மாட்டோமா?

டூயி விசாரித்தார். அதற்காக அவர் காலில் விழுவேன். 1937 ஏப்ரலில், 77 வயதில், எழுதிக்கொண்டிருந்த பெரிய நூலை ஒதுக்கி வைத்துவிட்டு மெக்சிகோவுக்கு ரயில் ஏறினார். கோயோகானில் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டில் உட்கார்ந்து, ஸ்டாலின் நாடு கடத்திய புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கிமீது மாஸ்கோ சுமத்திய குற்றச்சாட்டுகளை ஒரு வாரத்துக்கு மேல் கேட்டு விசாரித்தார். ட்ராட்ஸ்கியின் கொள்கையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தும், குற்றச்சாட்டுகள் ஜோடிக்கப்பட்டவை என்று அந்த ஆண்டு முடிவதற்குள் தீர்ப்புச் சொன்னார். அதுவரை அவரைக் கொண்டாடிய முகாம் அவரைத் தூற்றியது. கவுண்ட்ஸும் திரும்பினார். அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவராக இருந்தபோது, 1941-ல், கம்யூனிஸ்டுகள் கையிலிருந்த கிளைகளை வெளியேற்றினார். 1947-ல் சோவியத் ஆசிரியர் பயிற்சி நூலிலிருந்து சில பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, அதற்கு 'ஸ்டாலினைப் போல ஆக விரும்புகிறேன்' என்று தலைப்பு வைத்தார். பதினாறு வருடம் முன்பு இலினை மொழிபெயர்த்த அதே கை.

உங்கள் பாடத்திட்டத்தில் 1928-ன் டூயி இருக்கிறார், 1932-ன் கவுண்ட்ஸ் இருக்கிறார். 1937-ம் 1947-ம் எங்கே? என் மகளின் தோழி ஒருத்தி இங்கே கல்வியியலில் முதுகலை படித்தவள். கேட்டுப் பார்த்தேன். கோயோகான் என்ற பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை.

சரி, எனக்கு மட்டும் என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். எங்கள் தலைமுறை 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நியூ செஞ்சுரி புத்தக வண்டி வந்து நிற்கும். கையில் இருந்த சில்லறைக்கு மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகமே கிடைக்கும். அட்டையில் இருந்த சிரிக்கும் டிராக்டர் பெண்ணை நான் நம்பினேன். 1991 வரை என் வகுப்பில் சோவியத் பள்ளிகளைப் பற்றி அப்படித்தான் பேசியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

விருந்துக்குப் போன வீட்டில் கேள்வி கேட்பது அநாகரிகம் என்பீர்களோ? தாகூர் கேட்டார். 1930-ல் மாஸ்கோவில் அங்குள்ள கல்வியை வாயாரப் புகழ்ந்தார், ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் புகழ்ந்தார். கிளம்பும் முன் 'இஸ்வெஸ்தியா' பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், உங்களை எதிர்ப்பவர்கள் மேல் பிள்ளைகள் மனத்தில் கோபத்தையும் வெறுப்பையும் ஊட்டுகிறீர்களே, அது உங்கள் இலட்சியத்துக்கு நல்லதா என்றும் கேட்டுவிட்டார். அந்தப் பேட்டி 1988-ல்தான் அங்கே அச்சேறியது.

கியூபாவுக்கு வருகிறேன். 1961-ன் எழுத்தறிவு இயக்கத்தை நான் மட்டமாகப் பேச மாட்டேன். பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஒரு லட்சம் இளைஞர்கள் லாந்தர் விளக்கைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் கரும்புக் காட்டுக்கும் போனார்கள். ஒரே வருடத்தில் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். பாடத்தின் கடைசித் தேர்வு, ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம். அவற்றை ஹவானாவில் ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படமாகப் பார்த்தேன். பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதிய கோணல் எழுத்து. அந்த எழுத்து எனக்குப் பழக்கமானது. ஏன் என்று சொல்கிறேன்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. நானும் மாலை வகுப்பு எடுத்தேன். கல் உடைக்கும் பெண்கள், கையெல்லாம் காய்ப்பு, பென்சிலைப் பிடித்தால் உளியைப் பிடிப்பது போலப் பிடிப்பார்கள். நாலு மாதம் கழித்து ஒரு அம்மாள் தானாக முழுசாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். கலெக்டர் அம்மாவுக்கு மனு. தெருவில் அடிபம்பின் கைப்பிடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை, உடனே ஆள் அனுப்பவும். நான் வாத்தியார் புத்தியில், 'ஆரம்பத்தில், தங்கள் புண்ணியத்தால் எழுத்தறிவு பெற்றேன் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அது எதுக்கு சார்? அதை எழுதினா பம்பு ரிப்பேர் ஆயிருமா?'

ஹவானாவில் இருக்கும் கடிதங்களில் நன்றி நிறைய. அடிபம்பு பற்றி யாராவது எழுதியிருந்தால் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம். பத்து வருடம் கழித்து, 1971-ல், அதே ஹவானாவில் கல்வி, பண்பாட்டு மாநாடு கூடி, தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் இளைஞர்களோடு பழகும் வேலைகளில் இருக்கக்கூடாது என்று தீர்மானித்தது. லாந்தரைத் தூக்கிப் போனவர்களில் எத்தனை பேர் அப்போது வகுப்பறையை விட்டு இறக்கப்பட்டிருப்பார்களோ. நீங்கள் உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக எவ்வளவு போராடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

2019 கோடையில் சிகாகோ ஆசிரியர்கள் சிலர் வெனிசுவேலா போய் வந்தார்கள். அங்கே வீடில்லாத ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை என்று அவர்கள் தரப்பிலிருந்து செய்தி வந்தது. அது தங்கள் அதிகாரபூர்வக் குழு இல்லை என்று சிகாகோ ஆசிரியர் சங்கம் பிற்பாடு சொன்னது. வீடில்லாதவர் எப்படிக் கண்ணில் படுவார்? அந்த நேரத்தில் நாட்டை விட்டே போனவர்கள் 40 லட்சம் என்று ஐ.நா. கணக்கு. அமெரிக்கத் தடைகளும் அந்த நாட்டை நெரித்தன, அதை நீங்கள் பேசியது நியாயம். ஆனால் சம்பளம் போதாமல் அந்த நாட்டு ஆசிரியர்களும் கொடி பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். 1933-ல் வங்கிக்குள் புகுந்த சிகாகோ ஆசிரியரின் பேரனுக்கு அவர்களை அடையாளம் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடலைத் தப்பான ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உங்கள் முற்போக்குக் கல்வியாளர் ஹெரால்ட் ரக் எழுதிய பாடப்புத்தகங்களை 1940-ஐ ஒட்டி எதிர்த்து விரட்டியவர்களோடும், ஐம்பதுகளில் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைக் கொள்கை விசாரணை என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பியவர்களோடும் எனக்கு எந்தச் சொந்தமும் இல்லை. அவர்கள் உங்களை எதிரி என்றார்கள். நான் உங்களைச் சக வாத்தியார் என்று நினைத்து எழுதுகிறேன்.

அந்த டீச்சரை நேற்று மறுபடியும் பார்த்தேன். மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க, டி.இ.ஓ. கதையைச் சொன்னேன். மூன்று பேனா கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தப் படத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். சார்ட்டுக்கு இந்தப் பக்கம், கதவோரத்தில், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் ஆசிரியர் நிற்கிறார். கேமராவைப் பார்க்காமல், வாசலில் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், இன்னும் பெரிதாக்கினார்.

'நான் கேட்கவே இல்லையே' என்றார்.

அடுத்த கோடையில் மறுபடி போகிறாராம். படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அந்த அம்மாளைத் தேடுவதாகச் சொன்னார். என் விசா அதற்குள் முடிந்துவிடும். மகளின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்